ஹம் சத்தத்துக்கு எர்த் பின்னை புடுங்காதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தாலே மின் பாதுகாப்பு பத்தி போடுறீங்க, அதோட இதையும் சேர்த்துக்கங்க. பரண்ல கெடந்த பழைய ஸ்டீரியோ செட்டை இறக்கி திரும்ப பாட்டு கேக்குறவங்க இப்ப நெறைய பேர், சந்தோஷம்தான், ஆனா பாட்டுக்கு அடியில 'ம்ம்ம்'னு ஒரு சத்தம் வருதுன்னு கடைக்கு தூக்கிட்டு போனா சில பேர் சொல்ற ஒரே வைத்தியம், பிளக்குல மூணாவதா தடியா இருக்கிற எர்த் பின்னை எடுத்துட்டு ரெண்டு பின் பிளக் போட்டுக்கங்க சார்ங்கறதுதான். பல நேரம் சத்தம் நின்னும் போயிடும், அதான் வம்பே. என்னிக்காவது உள்ள இன்சுலேஷன் போய் கரண்ட் வர்ற லைன் ஒயர் மெட்டல் பாடியை தொட்டுச்சுன்னா 230 வோல்ட்டுக்கு வழி செட்டை தொடுறவர் உடம்புதான். (கம்பெனியிலேர்ந்தே ரெண்டு பின்னோட வந்த செட் வேற கதை.)

முதல்ல வால்யூமை சுத்தமா குறைச்சு பாருங்க. அப்பவும் சத்தம் அப்படியே இருந்தா கோளாறு ஆம்புக்குள்ளதான் (ஆம்ப்னா ஆம்ப்ளிஃபயர், சத்தத்தை பெருக்குற பெட்டி), அனேகமா பவர் சப்ளைல இருக்கிற பெரிய கண்டன்சர் காஞ்சு போயிருக்கும், நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், இது 100 ஹெர்ட்ஸ்ல கொஞ்சம் கரகரப்பா கேக்கும். எலக்ட்ரானிக் சாமான் விக்கிற ரிச்சி ஸ்ட்ரீட்ல கண்டன்சர் கெடைக்கும், பழசுல போட்டிருக்கிற அதே மைக்ரோஃபாரட் அளவு வாங்குங்க, வோல்ட் மட்டும் குறையக்கூடாது. பிளக்கை புடுங்கினாலும் அதுல சார்ஜ் நிக்கும், தெரிஞ்சவங்க கையில குடுங்க.

வால்யூமோட சேர்ந்து சத்தமும் ஏறுதுன்னா வெளியிலேர்ந்து வருது, பின்னாடி எல்லா ஒயரையும் கழட்டிட்டு ஒண்ணொண்ணா மாட்டிப் பாருங்க. ரெக்கார்ட் பிளேயர்லேர்ந்து மெல்லிசா ஒரு எர்த் ஒயர் தனியா வரும், ஆம்ப் பின்னாடி அதுக்குன்னு ஸ்க்ரூ இருக்கும், முக்கால்வாசி வீட்டுல அது அந்தரத்துல தொங்குது. ஊசியிலேர்ந்து வர்ற சிக்னலே சில மில்லிவோல்ட்தான், அப்புறம் இரைச்சல் வராம என்ன பண்ணும்.

ஆனா நான் பாத்த வரைக்கும் சென்னையில பெரிய திருடன் கேபிள் டிவிதான். மொட்டைமாடி மொட்டைமாடியா தாவி வர்ற அந்த ஒயரோட ஷீல்டு, அதாவது உள்கம்பியை சுத்தியிருக்கிற உலோக உறை, எங்கேயோ ஒரு எர்த்தை சுமந்துக்கிட்டு செட்-டாப் பாக்ஸ் வழியா ஆம்புக்கு வருது, ஆம்புக்கோ வீட்டு எர்த் வேற, ரெண்டுக்கும் நடுவுல துளி வோல்ட் வித்தியாசம் இருந்தாலே ஆடியோ ஒயர் ஷீல்டுல கரண்ட் சுத்தும், இதைத்தான் கிரவுண்ட் லூப்ங்கறாங்க. பாக்ஸ்லேர்ந்து கேபிளை திருகி கழட்டுங்க, சத்தம் டக்குனு நின்னா ஆள் மாட்டிக்கிட்டான். பாக்ஸுக்கும் ஆம்புக்கும் நடுவுல சின்னதா ஒரு ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (ரெண்டு பக்க ஒயரையும் ஒட்டவிடாம பாட்டை மட்டும் கடத்துறது) போட்டா முடிஞ்சுது, எர்த்துல கை வைக்கவே வேணாம்.

இன்னொண்ணு, எங்க பக்கம் பழைய வீடுகள்ல சாக்கெட்டுல மூணு ஓட்டை இருக்கும், பின்னாடி எர்த் ஒயரே இருக்காது, இல்லன்னா நியூட்ரலோட முறுக்கி வச்சிருப்பாங்க, அது இன்னும் மோசம். நல்ல வயர்மேனை கூப்பிட்டு போர்டை திறந்து பாக்கச் சொல்லுங்க, வாடகை வீடுன்னா ஓனர்கிட்ட கேட்டு போட்டு வாங்கிக்கங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருவல்லிக்கேணி, சென்னை-5