முறைத் தண்ணீர்

நீடாமங்கலம்,
ஆடி 5

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். வெண்ணாற்றில் இப்போது நல்ல ஓட்டம். நேற்று சாயங்காலம் படித்துறையில் மூன்று படி மூழ்கியிருந்தது. மேலத்தெருவில் குறுவை நடவு முடிந்துவிட்டது, நம் பக்கம் களை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ஆடிப்பெருக்குக்கு வர்றேன்ப்பா, அன்னிக்கு சீட் டே வச்சுக்கட்டுமா? அந்த வாரம் ஞாயிறு வேற ஒண்ணு இருக்கு, ரெண்டும் சேர்ந்துடும்" என்றாய். எனக்கு அந்த வார்த்தையே புரியவில்லை. அதற்குள் அம்மா போனை வாங்கி, "நீ வா சாமி, வந்து வயிறார சாப்பிடு" என்று பேச்சை முடித்துவிட்டாள். நாலு நாளாக மனசில் அதுதான் ஓடுகிறது. போனில் பேசினால் பாதியில் உனக்கு ஆபீஸ் கூப்பாடு வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

சீட் என்றால் ஏமாற்றுவது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆறு நாள் பத்தியமாக இருந்துவிட்டு, ஏழாவது நாள் இஷ்டத்துக்குச் சாப்பிடுவதற்கு அந்தப் பெயராம். தம்பி, அந்தப் பெயர் எனக்குப் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நான் ஆற்று ஷட்டர்களைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்த 31 வருஷத்தில் தண்ணீர் பற்றாத வருஷங்கள் எத்தனையோ வந்தன. அப்போதெல்லாம் முறை வைத்துத்தான் விடுவோம். முறை வந்தவன் பட்டப்பகலில், ஊர் பார்க்க மடையைத் திறந்து பாய்ச்சுவான். முறை இல்லாதவன் நடுராத்திரி மண்வெட்டியோடு வந்து கரையை வெட்டுவான். அந்த வெட்டு முதலில் ஒரு முழம்தான் இருக்கும். விடிந்து போய்ப் பார்த்தால், தண்ணீர் அரித்து அரித்து இரண்டு ஆள் அகலத்துக்கு வாய் பிளந்து கிடக்கும். மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் தென்னங்கீற்றுமாக இருபது பேர் இடுப்பளவு தண்ணீரில் நின்று அடைக்க ஒரு பகல் ஆகும். வெட்டினவனுடைய வயலும் தப்பாது. அவன் நாற்றின் மேலேயே மணல் ஏறிப்போயிருக்கும்.

ரெகுலேட்டரில் ஷட்டர் தூக்கும்போது போவதும் அதே தண்ணீர்தான். திருகுக் கம்பியில் கிரீஸ் தடவி, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவோம். எத்தனை சுற்றுக்கு எத்தனை அங்குலம் ஏறும் என்பது கைக்குத் தெரியும். தூக்கும்போதே எப்போது இறக்க வேண்டும் என்பதும் நோட்டில் எழுதியிருக்கும். நீ சாப்பிட ஆசைப்படுவது ஒரு குற்றமும் இல்லை. உனக்கு உரிய முறை என்று வைத்து, பகலில் சாப்பிடு. திருட்டு வெட்டு என்று நீயே பெயர் வைத்துக்கொண்டால் அது அப்படித்தான் அரிக்கும்.

உன் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் உன் உடம்புக்கு ஒரு நாள் செலவு 2,400 கலோரி என்று இருந்தது. நீ சாப்பிடுவது 1,900. அப்படியென்றால் தினம் 500 மிச்சம், ஆறு நாளில் 3,000. ஞாயிறு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டதற்கு ஆசையாகச் சொன்னாய்: காலையில் நெய் தோசை இரண்டு, மத்தியானம் ஒரு முழு பிரியாணி, அதற்கு மேல் டபுள் கா மீட்டா என்கிற ரொட்டி இனிப்பு, சாயங்காலம் இரானி டீயும் பிஸ்கட்டும், ராத்திரி பீட்சா, ஐஸ்கிரீம். எவ்வளவு குறைத்துப் போட்டாலும் 4,500 வருகிறது. செலவு போக 2,100 உள்ளே தங்கிவிட்டது. ஆறு நாள் வாயைக் கட்டிச் சேர்த்த 3,000-ல் கையில் நின்றது 900.

ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7,700 கலோரி வேண்டும். 3,000 என்றால் வாரத்துக்கு 400 கிராம் அளவில் குறையும். 900 என்றால் 120 கிராம்கூடத் தேறாது. மூன்று மாதமாகப் பட்டினி கிடந்தும் ஒன்றரை கிலோதான் குறைந்தது என்று வருத்தப்பட்டாயே, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது தம்பி. உன் உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. லிவரில் கொழுப்பு படிந்திருப்பதற்கு இப்போதைய எடையில் நூற்றுக்கு ஏழிலிருந்து பத்து பங்கு குறைந்தால் நல்ல பலன் தெரியும் என்று உன் டாக்டர் சொன்னார் இல்லையா? 94 கிலோவுக்கு அது ஏழிலிருந்து ஒன்பது கிலோ. ஞாயிறு உடைப்பு இல்லாமல் இருந்தால் ஏழு கிலோவுக்கு நாலு மாதத்துக்குக் கொஞ்சம் மேல். உடைப்போடு போனால் ஒரு வருஷம் தாண்டும். அத்தனை நாள் யாராலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க முடியாது. நடுவில் விட்டுவிடுவாய் என்பதுதான் என் பயம்.

ஒரு நாள் முழுக்கத் திறந்துவிடாமல், ஞாயிறு மத்தியானம் ஒரு வேளை மட்டும் பிரியாணி என்று வைத்துக்கொள். காலையும் ராத்திரியும் வழக்கம்போல. அன்றைக்கு மொத்தம் 2,600 ஆனாலும், மிச்சத்தில் குறைவது 200தான். 2,800 கையில் நிற்கும். பிரியாணியும் சாப்பிட்ட மாதிரி ஆயிற்று.

அப்புறம் அந்தத் திங்கட்கிழமை விஷயம். எடை மெஷினில் ஒன்றரை கிலோ கூடிவிட்டது என்று பதறிப்போய், அன்று முழுக்கத் தண்ணீர் மட்டும் குடித்து இருந்தாய். இது எனக்கு ரொம்ப வருத்தம். ஒன்றரை கிலோ கொழுப்பு ஒரே நாளில் ஏற வேண்டுமானால் செலவுக்கு மேல் பதினோராயிரம் கலோரிக்கு மேல் சாப்பிட்டிருக்க வேண்டும். நீ செலவுக்கு மேல் சாப்பிட்டது அதில் கால்வாசிகூட இல்லை. ஏறியதில் பெரும்பங்கு தண்ணீரும் வயிற்றில் இருக்கிற சோறும்தான். மாவுச்சத்தை உடம்பு சேர்த்து வைக்கும்போது, கிராமுக்கு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் கூடவே பிடித்து வைக்கும். உப்பு வேறு இழுத்து வைக்கும். இரண்டு மூன்று நாளில் தானாக வடிந்துவிடும்.

தினம் காலை ஆறு மணிக்கு நான் ஆற்றின் நீர்மட்டம் காட்டும் கேஜைப் பார்த்து நோட்டில் எழுதுவேன், நீயே சின்னப் பிள்ளையாக டார்ச் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாய். ஒரு நாள் அரை அடி ஏறும், மறுநாள் இறங்கும். மேலே எங்கோ மழை பெய்திருக்கும், இல்லை பக்கத்து ஆற்றை அடைத்திருப்பார்கள். ஒரு நாள் அளவைப் பார்த்து ஷட்டரைத் தொட்டால் அதிகாரி திட்டுவார். வாரத்துச் சராசரியைத்தான் பார்ப்பார்கள். ஜூன் 12-ல் மேட்டூரில் திறந்தாலும் கல்லணைக்கு வந்துசேர மூன்று நாலு நாள் ஆகும். அதற்கப்புறம் கடைமடைக்குப் போவது எப்போது? திறந்த மறுநாள் வேதாரண்யத்துக்காரன் வாய்க்காலைப் பார்த்துக் கோபித்துக்கொள்ள முடியுமா? நீயும் எடையை வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில் பார். இடுப்பையும் டேப் வைத்து அள. நம் நாட்டு ஆம்பிளைக்கு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். எனக்கு 88. உனக்கு இப்போது எவ்வளவு என்று நீ சொல்லவே இல்லை.

உன் ஜிம் மாஸ்டர், வாரம் ஒரு நாள் வயிறு முட்டச் சாப்பிட்டால்தான் உடம்பு சூடு பிடித்துக் கொழுப்பு எரியும் என்றாராம். இதை நான் வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் போய்க் கேட்டேன். ஒரு நாள் நிறையச் சாப்பிட்டால் உடம்பின் செலவு கொஞ்சம் கூடுவது உண்மைதானாம். ஆனால் கூடுகிற செலவு, கூடுதலாக உள்ளே போனதற்குப் பக்கத்தில்கூட வராது என்றார். மாஸ்டரிடம் சண்டைக்குப் போகாதே, உடற்பயிற்சியை அவர் நன்றாகத்தான் சொல்லித்தருகிறார்.

இதையெல்லாம் நான் ஏதோ மேலே நின்று சொல்கிறேன் என்று நினைக்காதே. எனக்குச் சுகர் என்று 2014-ல் தெரிந்தபோது நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய், நடந்த எதையும் உன்னிடம் நாங்கள் சொல்லவில்லை. பயத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினேன். காபி, சோறு, பழம், எதுவும் கிடையாது. மூன்று மாதம் அப்படி இருந்தேன். நாலாவது மாதம் கும்பகோணத்தில் கல்யாணம். இலையில் ஒரு ஜாங்கிரி வைத்தார்கள். ஒன்றுதானே என்று தின்றேன். தின்றவுடன் மனசு என்ன சொன்னது தெரியுமா? "தலைக்கு மேல வெள்ளம், ஜாண் போனா என்ன, முழம் போனா என்ன." அன்று அந்தப் பந்தியில் ஏழு ஜாங்கிரி தின்றேன் தம்பி. பாயசம் தனி. வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை, மூன்று வாரம் கட்டு விட்டுப்போயிற்று. சுகர் 310 வரை போனது. அம்மா ராத்திரி உட்கார்ந்து அழுதாள்.

வாழ்நாள் முழுக்க ஆற்றில் தண்ணீரை அளந்தவன் நான். ஜாணுக்கும் முழத்துக்கும் நடுவில் ஒரு ஊர் விளைச்சலே இருக்கிறது என்று தெரிந்தவன். எனக்கே அந்த நேரத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது. முழுக்க அடைத்து வைத்ததால் வந்த வினை அது. நீ சோறே கூடாது, இனிப்பே கூடாது என்று ஆறு நாள் இறுக்கிக் கட்டுவதைப் பார்த்தால் எனக்கு அந்த மூன்று மாதம்தான் ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை உன்னைத் தூக்கிப்போடுவது பிரியாணியின் ருசி மட்டும் இல்லை, அந்த ஆறு நாள் பசியும்தான். கட்டைக் கொஞ்சம் தளர்த்து. தினமும் ஒரு கிண்ணம் சோறு வைத்துக்கொள், பருப்பும் முட்டையும் காயும் கூட்டு. எண்ணெயைக் குறை, ஒரு பெரிய ஸ்பூன் எண்ணெயே 120 கலோரி. அப்போது ஞாயிறு வந்தாலும் ஆவேசம் வராது.

என்னைத் திருப்பிக் கொண்டுவந்தது ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு நர்ஸம்மா. "ஐயா, விசேஷத்துல ஒரு ஸ்வீட் சாப்பிடுங்க. எதை, என்னிக்கு, எவ்வளவுன்னு நோட்டுல எழுதிடுங்க. எழுதாம சாப்பிடாதீங்க" என்றது. கேஜ் நோட்டு எழுதிப் பழகின கைதானே, அன்று முதல் எழுதுகிறேன். இப்போது மூன்றாவது நோட்டு. பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் இரண்டு ஸ்பூன், உன் அக்கா வளைகாப்புக்கு ஒரு அதிரசம், எல்லாம் இருக்கிறது. ஒரு தடவைகூட ஒளித்துச் சாப்பிட்டதில்லை.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட ஆரம்பித்தால் வயிறு வலித்தும் நிறுத்த முடியவில்லை, அப்புறம் உன் மேலேயே வெறுப்பாக வருகிறது, திங்கள் பட்டினி கிடக்கத் தோன்றுகிறது என்றால், அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளாதே. வைராக்கியம் பற்றாது என்று உன்னையே திட்டிக்கொள்ளவும் வேண்டாம். அதற்கென்று டாக்டர்கள் இருக்கிறார்கள், வைத்தியமும் இருக்கிறது. எங்களிடம் சொல்லு. அப்பா அதைத் தப்பாக நினைக்கமாட்டேன்.

உன் அப்பாயி ஏகாதசிக்குப் பட்டினி இருந்தது ஞாபகம் இருக்கிறதா? மறுநாள் துவாதசி காலையில் அவள் இலையில் முதலில் விழுவது அகத்திக்கீரை. சுண்டைக்காய் இருக்கும், நெல்லிக்காய்ப் பச்சடி இருக்கும். பசித்து எழுந்தவள் அந்தக் கசப்பை நிதானமாக மென்றுகொண்டிருப்பாள். நான் சின்னவனாக இருந்தபோது, பாவம், ஒரு வடைகூடத் தின்னமாட்டாளா என்று நினைப்பேன். இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

சரி, ஆடிப்பெருக்குக்கு வருவோம். நீ வருகிற அன்று நம் வீட்டில் எல்லாம் உண்டு. அம்மா இப்போதே புளிக்காய்ச்சலுக்கு எள் வறுத்து வைத்துவிட்டாள். புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர்சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு மத்தியானம் ஆற்றங்கரைக்குப் போகிறோம். நாலிலும் ஒவ்வொரு கரண்டி போட்டுக்கொள். வடை ஒன்று. காவேரியம்மனுக்குப் படைத்த காப்பரிசியில் ஒரு பிடி. உன் மாமா திருவையாற்றிலிருந்து அசோகா அல்வா வாங்கி வருகிறேன் என்றிருக்கிறார். வாழையிலைத் துண்டில் வைத்துத் தருவார்களே, நெய் கசிந்து, பாசிப்பருப்பு வாசனையோடு, விரலில் எடுத்தால் ஒட்டாமல் நழுவும். அதை இரண்டு வாய், மெதுவாகச் சாப்பிடு. காலையில் எப்போதும்போல இரண்டு இட்லி. ராத்திரி கீரையும் மோரும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்துவிட்டேன். அவள் முகம் கொஞ்சம் வாடியது, ஆனால் சம்மதித்துவிட்டாள். கூட ஒரு கரண்டி போட வந்தால் கையால் இலையை மறைத்துக்கொள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

இதுதான் உன் அந்த வாரத்து முறை. அந்த ஞாயிற்றுக்கிழமையையும் இதற்கு மேல் சேர்த்துக்கொள்ளாதே.

டிக்கெட் போட்டாயிற்றா என்று அம்மா கேட்கச் சொன்னாள். சென்னை வரை வந்து மன்னை எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டால் விடியற்காலை நம் ஊர். ஆட்டோ வைக்காதே. நான் சைக்கிளோடு ஸ்டேஷனுக்கு வருகிறேன். பையைக் கேரியரில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஆற்றங்கரை வழியாக நடந்தே வீட்டுக்கு வருவோம், நீயும் கேஜ் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்த மாதிரி இருக்கும்.

அன்புடன்,
அப்பா