"இதுலயே போடுங்க தம்பி" என்று சொல்லும் மேலாளர்களுக்கு

தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் வங்கிக் கிளைகளை நடத்தும் மேலாளர்களுக்கு,

வணக்கம் சார், வணக்கம் மேடம்.

எனக்கு ஊர் அறந்தாங்கிப் பக்கம். 2013 முதல் ஓமானில், சோஹார் துறைமுகத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன் வேலை. எனக்கு நடந்ததைச் சொல்லப் போகிறேன். எந்த வங்கி, எந்தக் கிளை என்று மட்டும் சொல்லமாட்டேன். அங்கே இருந்த மேலாளர் நல்ல மனிதர். சொல்லப்போனால் அவர் நல்லவராக இருந்ததால்தான் இந்தச் சிக்கலே வந்தது.

2015-இல் முதல் விடுமுறைக்கு வந்தபோது, அனுப்பி வைத்திருந்த பணத்தை வைப்பில் போடலாம் என்று அப்பாவோடு வங்கிக்குப் போனேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டாமே என்று கேட்டேன். "அதுக்கு ஆயிரம் பேப்பர் கேட்பான். இதுலயே போடுங்க தம்பி, நான் பாத்துக்கறேன்" என்றார் மேலாளர். ஐடிஐ படிக்கும்போது திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கு அது. வட்டியில் வரி பிடிக்காமல் இருக்க 15ஜி படிவத்தையும் அவரே நிரப்பிக் கொடுத்தார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அந்தப் படிவம் இந்தியாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும் உரியது என்பதும், நான் கையெழுத்துப் போட்டது பொய்யான உறுதிமொழியில் என்பதும் எனக்குத் தெரிய ஏழு வருடம் ஆனது.

2022-இல் கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் அடையாள விவரம், புதுப்பிக்க பாஸ்போர்ட் கேட்டார்கள். மாற்றலாகி வந்திருந்த புது மேலாளர் விசா பக்கத்தைப் புரட்டியதும் நிமிர்ந்து பார்த்தார். ஒரு வாரத்தில் என் கணக்கு, வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான கணக்கு வகைகளில் ஒன்றான என்.ஆர்.ஓ. ஆனது. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டப்படி அதை நான் வெளிநாடு போனதுமே செய்திருக்க வேண்டும். ஆனால் அந்த என்.ஆர்.ஓ. வைப்பின் வட்டியில் 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ், ஆக 31.2 சதவீதம் பிடித்தம் தொடங்கியது. 10 லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 70,000 ரூபாயில் 21,840 போய்விடும். வேறு வருமானம் இல்லாதவர் வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்ப வாங்கலாம்தான். எங்கள் தொழிலாளர் கேம்ப்பில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்று நினைக்கிறீர்கள்?

இதே பணம் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான இன்னொரு வகையான என்.ஆர்.இ. கணக்குக்கு வந்து அங்கே வைப்பாகியிருந்தால் வட்டிக்கு இந்தியாவில் வரியே இல்லை. அசலும் வட்டியும் எப்போது வேண்டுமானாலும் வெளிநாட்டுக்குத் திரும்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அப்பாவுக்குப் புரியும்படி சொல்ல இரண்டு வாக்கியம் போதும்: வெளிநாட்டுச் சம்பளம் என்.ஆர்.இ.க்கு, வயல் குத்தகை, வீட்டு வாடகை மாதிரி ஊரில் வரும் காசு என்.ஆர்.ஓ.வுக்கு. அந்த இரண்டு வாக்கியத்தை யாரும் சொல்லாததால், சோஹார் வெயிலில் சம்பாதித்த என் காசு கணக்கில் ஊர்க் காசாகிவிட்டது. இப்போது அதை என்.ஆர்.இ.க்கு மாற்ற ஆடிட்டர் சான்று, வருமானவரிப் படிவங்கள் என்று தனி அலைச்சல்.

சரி, பழையது போகட்டும், புதிதாகச் சரியாகவே திறப்போம் என்று ஓமானில் இருந்தபடி முயன்றேன். "ஆப்லயே வீடியோ கேஒய்சி பண்ணிடலாம்" என்றார் கிளையில் ஒருவர். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து குளித்து, சட்டை மாற்றி உட்கார்ந்தேன். செல்போன் இருக்கும் இடத்தைப் பார்த்ததும் ஆப் அழைப்பைத் துண்டித்தது. 2020-இல் வந்த வீடியோ சரிபார்ப்பு முறையே வாடிக்கையாளர் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. முன்பே தெரிந்திருந்தால் அன்று தூங்கியாவது இருப்பேன்.

அப்புறம் தபாலில் அனுப்பச் சொன்னார்கள். நகல்களில் தூதரக முத்திரைதான் வேண்டும், வேறு எதுவும் செல்லாது என்றார்கள். சோஹாரிலிருந்து மஸ்கட் 200 கிலோமீட்டர். எங்களுக்கு விடுமுறை வெள்ளியும் சனியும், அன்றைக்குத் தூதரகமும் மூடியிருக்கும். ஆக ஒருநாள் சம்பளம் போனது. ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதியைப் பிறகு ஒரு நண்பர் எடுத்துக் காட்டினார். அந்த நாட்டு நோட்டரி, நீதிபதி, மாஜிஸ்திரேட், இந்திய வங்கிகளின் வெளிநாட்டுக் கிளை அதிகாரி என்று சான்றளிக்கக்கூடியவர்கள் பட்டியலே அதில் இருக்கிறது. தூதரகம் அதில் ஒன்று, அவ்வளவுதான். மனைவி பெயரைச் சேர்க்கக் கேட்டபோதும் முடியாது என்றுதான் பதில் வந்தது. ஊரில் இருக்கும் நெருங்கிய உறவை என்.ஆர்.இ. கணக்கில் இணைக்க 2011-லேயே அனுமதி வந்துவிட்டது. முதல் பெயர்க்காரர் உயிரோடு இருக்கும்வரை அந்த உறவு பவர் பத்திரத்தின்பேரில்தான் கணக்கை நடத்த முடியும், அது மட்டும் நிபந்தனை.

உங்களுக்கும் ஆள் பற்றாக்குறை, இலக்கு, இன்சூரன்ஸ் விற்கச் சொல்லும் நெருக்கடி எல்லாம் உண்டு என்று எனக்குத் தெரியும். கவுண்டரில் நகைக்கடன் வரிசை வாசல் வரை நிற்கும்போது எங்கள் விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது. ஆனால் எங்கள் பக்கத்துக்கு இது புதுத் தொழில் இல்லை. 1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னையிலும் காரைக்குடியிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. கடல் தாண்டிப் போனவன் காசை ஊரோடு சேர்க்கத் தெரிந்த வட்டாரம் இது. இன்று அந்தக் காசு சில நிமிடத்தில் வந்துவிடுகிறது. வந்து விழும் கணக்குதான் தப்பாக இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவே. வைப்புப் போட யார் வந்தாலும், "பணம் எங்கேருந்து வருது, பையன் எங்கே இருக்கான்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வெளிநாடு என்றால் உதவியாக நினைத்துப் பழைய கணக்கில் போட்டுவிடாதீர்கள். என்.ஆர்.இ. வைப்பை ஒரு வருடத்துக்குள் உடைத்தால் வட்டியே கிடையாது என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். ஆறு மாதத்தில் தங்கை கல்யாணம் வைத்திருப்பவன் அதற்கேற்றபடி முடிவு செய்வான். விடுமுறையில் வருபவனுக்கு மாதிரிக் கையெழுத்து, நாமினி, நெட் பேங்கிங், ஓடிபி வருவதற்கு வெளிநாட்டு செல்போன் எண் எல்லாவற்றையும் ஒரே வருகையில் முடித்துக் கொடுங்கள். ஓமான் உட்படப் பத்து நாட்டு எண்களுக்கு யுபிஐ-யே 2023-இல் அனுமதி பெற்றுவிட்டது. இவ்வளவும் ஒருமுறை சரியாக நடந்துவிட்டால், அடுத்தடுத்த வைப்புகளை நாங்கள் கேம்ப் கட்டிலில் படுத்தபடியே போட்டுக்கொள்வோம். உங்கள் மேஜைக்கு வரவே மாட்டோம்.

தை மாதம் ஒரு மாத விடுப்பில் வருகிறேன். பாஸ்போர்ட், ரெசிடென்ட் கார்டு, பான் அட்டை, ஓமான் முகவரிச் சான்று எல்லாம் இரண்டு நகலோடு எடுத்து வைத்திருக்கிறேன். பொங்கல் முடிந்த முதல் வேலைநாள் காலை பத்து மணிக்கு, மனைவியையும் கூட்டிக்கொண்டு வங்கிக்கு வருவேன். என்.ஆர்.இ. விண்ணப்பப் படிவம் ஒன்று எடுத்து வையுங்கள் சார்.

இப்படிக்கு,
சோஹாரிலிருந்து ஒரு வாடிக்கையாளர்