அடுத்த இதழையும் படியுங்கள்: சூப்பர் ஹீரோ படங்களுக்குத் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உடையின் நிறம் சரியில்லை என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் புகார் உங்களுக்கு ஏற்கெனவே மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்திருக்கும். காமிக்ஸில் வூல்வரினின் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். ஆறடியைத் தாண்டிய ஹியூ ஜாக்மேனை அந்த வேடத்தில் போட்டீர்கள். சீக்கிரமே உயரத்தை மறந்துவிட்டோம். 2002-ல் ஸ்பைடர்மேனின் வலை மணிக்கட்டுக் கருவியிலிருந்து வராமல் உடம்பிலிருந்தே வந்தபோது எவ்வளவு சண்டை போட்டோம் என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. காமிக்ஸும் ஒன்றும் கல்வெட்டு இல்லையே. 1938-ல் அறிமுகமான சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது, எம்பித் தாவத்தான் தெரியும். அவரை வீழ்த்தும் கிரிப்டோனைட் வானொலி நாடகத்தில் பிறந்த சரக்கு. ஹார்லி க்வின் 1992-ல் பேட்மேன் தொலைக்காட்சிக் கார்ட்டூனில் தோன்றி, அப்புறம்தான் காமிக்ஸுக்குக் குடிவந்தாள். எனவே மாற்றுங்கள், தாராளமாக.

என் மனக்குறை வேறு. காமிக்ஸில் உள்ள பெரிய சம்பவத்தை எடுத்துக்கொள்கிறீர்கள். அதற்கு அடுத்த மாதம் வந்த இதழைப் படிக்காமல் விட்டுவிடுகிறீர்கள்.

ஓர் உதாரணத்தை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121-ஆம் இதழ், 1973 ஜூன். ஜெரி கான்வே எழுத, கில் கேன் வரைந்தது. க்ரீன் காப்ளின் என்ற வில்லன், பீட்டரின் (முகமூடி இல்லாத ஸ்பைடர்மேனின் பெயர் அதுதான்) காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளிவிடுகிறான். பீட்டரின் வலை பாய்ந்து அவள் காலைப் பிடித்துவிடுகிறது. அதே கட்டத்தில், அவள் கழுத்துக்குப் பக்கத்தில், பொடி எழுத்தில் ஒரு சத்தம்: 'ஸ்னாப்'. அவசரமாகப் படிப்பவர் கண்ணில் அது படவே படாது. பீட்டருக்கும் தெரியவில்லை. காப்பாற்றிவிட்டோம் என்ற பெருமிதத்தில் தன்னைத் தானே மெச்சிக்கொண்டே அவளை மேலே இழுக்கிறான். பக்கம் புரட்டினால்தான் அவள் செத்துவிட்டாள் என்பது நமக்கும் அவனுக்கும் சேர்ந்து உறைக்கிறது. கதையின் தலைப்பைக்கூட முதல் பக்கத்தில் போடாமல் கடைசியில்தான் போட்டார்கள். முன்னாலேயே போட்டிருந்தால் குட்டு உடைந்திருக்கும்.

இந்தக் காட்சி உங்களுக்கு மனப்பாடம் என்று தெரியும். 2002 படத்தில் பாலம் வந்தது. க்வென்னுக்குப் பதில் பீட்டரின் இன்னொரு தோழி மேரி ஜேன் தொங்கினாள், பிழைத்தாள். 2014 படத்தில் க்வென்னே வந்தாள், பாலம் மணிக்கூண்டானது. அங்கே வலையின் நுனி ஒரு சின்னக் கை போல விரிந்து அவளைப் பிடிக்க நீள்கிறது. நல்ல கற்பனை அது, குறை சொல்ல மாட்டேன்.

சரி, 122-ஆம் இதழை எத்தனை பேர் கடைசிப் பக்கம்வரை படித்தீர்கள்? காப்ளின் தன் பறக்கும் வாகனமே மார்பில் குத்திச் சாவது அதில்தான் வருகிறது. அதையும் 2002 படத்துக்கு எடுத்துக்கொண்டீர்கள். ஆனால் இதழ் அங்கே முடியவில்லை. பீட்டர் வீடு திரும்புகிறான். அதுவரை ஆட்டம் பாட்டம் என்று திரிந்த மேரி ஜேன் அங்கே உட்கார்ந்திருக்கிறாள். அவன் துக்கத்தில் அவள்மேல் எரிந்து விழுகிறான், வாயில் வராத வார்த்தையெல்லாம் வருகிறது, வெளியே போகச் சொல்கிறான். அவள் கதவுவரை போகிறாள். நிற்கிறாள். கண்ணில் நீர். பிறகு, வெளியே போகாமல், உள்ளே நின்றபடியே கதவைச் சாத்துகிறாள். 'க்ளிக்'.

முந்தைய இதழின் 'ஸ்னாப்' எவ்வளவு சின்னதோ, இந்த 'க்ளிக்'கும் அவ்வளவு சின்னதுதான். மேரி ஜேன் யார் என்பது எனக்குப் புரிந்தது அந்தச் சத்தத்தில்தான். படமாக்க என்ன செலவாகும்? ஒரு அறை, இரண்டு நடிகர்கள், ஒரு கதவு. வாகனத்தைக் கொண்டுபோனவர்கள் கதவை விட்டுவிட்டீர்கள்.

2014 படத்தில் பீட்டர் மாதக்கணக்கில் க்வென்னின் கல்லறை முன்னால் நிற்கிறான், பருவங்கள் மாறுகின்றன. உண்மைதான். ஆனால் சில நிமிடங்களிலேயே ரைனோ என்ற வில்லன் வந்து தெருவில் சுடத் தொடங்குகிறான், ஸ்பைடர்மேன் கிண்டலடித்துக்கொண்டு வந்து நிற்கிறார். அடுத்த பாகத்துக்கு அச்சாரம் போட வேண்டியிருந்தது போலும். அந்த அடுத்த பாகம் வரவே இல்லை.

சூப்பர்மேன் விஷயம் இன்னும் மோசம். 2013 படத்தில் அவர் தன் பிறந்த கிரகமான கிரிப்டனைச் சேர்ந்த வில்லன் ஜாடின் கழுத்தை முறிக்கிறார். சூப்பர்மேன் கொல்வாரா என்று எங்கள் ஆட்கள் கொதித்தார்கள். கொன்றிருக்கிறார், காமிக்ஸிலேயே. 1988-ல் ஜான் பைர்ன் எழுதிய கதையில் மூன்று கிரிப்டன் குற்றவாளிகளைப் பச்சை கிரிப்டோனைட்டால் தண்டிக்கிறார். அந்தக் கொலை அவரை அதன்பின் வந்த இதழ்களிலெல்லாம் அரித்துக்கொண்டே இருந்தது. தனக்கே தெரியாமல் வேறொரு முகமூடி போட்டுக்கொண்டு தெருவில் அடிதடிக்குப் போகும் அளவுக்கு மனம் கலங்கி, கடைசியில் பூமியில் இருக்கத் தனக்கு அருகதை இல்லை என்று விண்வெளிக்குப் போய்விடுகிறார். படத்தில்? ஓர் அலறல். காதலி லோயிஸின் அணைப்பில் முகம் புதைக்கிறார். அடுத்து ஒரு ராணுவ உளவு விமானத்தைத் தரையில் போட்டுவிட்டுத் தளபதியோடு பேச்சு, பின்னாலேயே ஒரு நகைச்சுவை. நகரம் தரைமட்டமானதற்கு 2016 படம் கணக்குக் கேட்டது, மறுக்கவில்லை. அந்தக் கழுத்துக்குக் கணக்குக் கேட்க ஆளில்லை.

அதே 2016 படத்தில் அவரைச் சாகவும் அடித்தீர்கள். காமிக்ஸில் அந்தச் சாவு 1992 நவம்பரில் வந்தது. அதற்குப் பிறகு சூப்பர்மேன் இல்லாமலேயே சூப்பர்மேன் இதழ்கள் வந்தன. இறுதி ஊர்வலம், மகனை இழந்த கென்ட் தம்பதி, அவர் இல்லாத நகரம் என்று எல்லாவற்றையும் வாசகன் மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தான். உங்கள் படமோ சவப்பெட்டியின் மேல் மண் போட்ட சூட்டோடு அந்த மண்ணை மேலே எழும்ப வைத்து முடிகிறது. அழக்கூட அவகாசம் தரவில்லையே ஐயா.

காமிக்ஸ் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லைதான். சூப்பர்மேன் 1993-லேயே திரும்பிவிட்டார். க்வென்னுக்கு ஒரு நகல் உருவத்தையே கொண்டுவந்தார்கள். ஆனால் மாதாமாதம் ஒரு கதை வந்தாக வேண்டிய தொழில் அது; போன மாதம் நடந்ததை இந்த மாதம் பாத்திரம் சுமந்துதான் ஆக வேண்டும். வாசகனுக்கும் பாத்திரத்துக்கும் நெருக்கம் வந்தது அந்தச் சுமையில்தான்.

உங்களுக்கு இது வராது என்றும் சொல்ல மாட்டேன். 2004-ல் வந்த 'ஸ்பைடர்மேன் 2' படத்தில், பென் பெரியப்பா சாகத் தானும் ஒரு காரணம் என்று பீட்டர் மே பெரியம்மாவிடம் ஒப்புக்கொள்கிறான். அவர் திட்டவில்லை, அழுது புரளவில்லை. அவன் பிடித்திருந்த கையை மெதுவாக இழுத்துக்கொண்டு, பேசாமல் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறார். 1962-ல் வெறும் 11 பக்கத்தில் சொன்ன முதல் ஸ்பைடர்மேன் கதையின் கடனை அந்த ஒரு கை அடைக்கிறது. 2019-ன் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' இன்னொன்று. 1991 காமிக்ஸில் தானோஸ் என்ற வில்லன் பிரபஞ்சத்தின் பாதி உயிர்களை அழித்ததும் கதை சண்டைக்குப் போய்விடுகிறது. படம் ஐந்து வருடம் தள்ளிப்போய், மிஞ்சியவர்களை வட்டமாக நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசவிட்டது. அங்கே நீங்கள் மூலத்தையே மிஞ்சினீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மூன்று படவரிசைகளின் ஸ்பைடர்மேன்களும் சந்திக்கும் 2021 படத்தில், 2014-ல் க்வென்னை இழந்த ஆண்ட்ரூ கார்ஃபீல்டின் ஸ்பைடர்மேன், விழுந்துகொண்டிருக்கும் எம்ஜேயை (இன்னொரு ஸ்பைடர்மேனின் காதலி) பாய்ந்து பிடித்துத் தரையிறக்குகிறார். நன்றாக இருக்கிறாயா என்று அவளிடம் கேட்கும்போதே அவர் முகம் உடைகிறது. அவள், நீ நன்றாக இருக்கிறாயா என்று திருப்பிக் கேட்கிறாள். சில நொடிகள்தான். 2014-ல் பாதியில் விட்டதை ஏழு வருடம் கழித்து முடித்துவைத்தீர்கள். மூன்று ஸ்பைடர்மேன்கள் சேர்ந்து குதித்ததைவிட எனக்கு நினைவில் நிற்பது அந்த முகம்.

அடுத்த திரைக்கதைக்கு உட்காரும்போது, எடுத்த இதழோடு அதற்கு அடுத்த இரண்டு இதழ்களையும் மேசையில் வையுங்கள். நீளம் அதிகம் என்று தயாரிப்பாளர் சொன்னால், இடிகிற கட்டடங்களில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். கதவு இருக்கட்டும்.

இப்படிக்கு,
122-ஆம் இதழை இன்னும் பத்திரமாக வைத்திருக்கும் ஒரு வாசகன்