யிங்ஷியனில் வாங்கிய தாள்

சென்னை,
ஜூலை 14

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நான் ஊரில் இல்லை, பக்கத்து வீட்டில் வாங்கி வைத்திருந்தார்கள். முழங்கால் அறுவை முடிந்து இப்போது கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் மனசு ஒரு நிலைக்கு வந்தது. பேத்தி கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியது பெரிய சந்தோஷம். என் ஆசியை அவளிடம் சொல்.

இந்தத் தாளைத் தடவிப் பார். மெல்லிசாக, சிவப்புக் கோடு போட்டிருக்கும். சீனாவில் யிங்ஷியன் என்ற சின்ன ஊரில், ஒரு நோட்டுப் புத்தகக் கடையில் வாங்கினேன். அத்தனை தூரம் போய் வெறும் தாள் வாங்கி வந்த காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பெரியவளுக்கு பெய்ஜிங்குக்கு வேலை மாற்றலானது உனக்குத் தெரியும். ஜூனில் பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கே போகலாம் என்று கேட்டாள். ஷான்ஷி மாகாணம் என்றேன். சீனாவில் மிகப் பழைய மரக் கட்டடங்கள் எல்லாம் அந்த ஒரு மாகாணத்தில்தான் கூட்டமாக நிற்கின்றன. டாங் அரசர்கள் காலத்து (ஏழு முதல் பத்தாம் நூற்றாண்டு) மரக் கோயில்கள் அந்த நாடு முழுக்க விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிச்சம், கிட்டத்தட்ட அத்தனையும் ஷான்ஷியில் இருக்கின்றன. உன்னோடு போக வேண்டிய பயணம் இது. நீலாயதாட்சி கோயில் தேரை உன் அப்பா பழுது பார்த்தபோது நாம் இருவரும் இழைப்புச் சுருளைப் பொறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அங்கே போன ஒவ்வொரு நாளும் அந்த இலுப்பை மர வாசனைதான் எனக்கு ஞாபகம் வந்தது.

முதலில் தாதோங். பெய்ஜிங்கிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். நிலக்கரிக்குப் பேர்போன ஊர். ஊருக்கு மேற்கே யுன்காங் குகைகள். மணற்கல் மலையை ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் குடைந்து 51,000 சிலைகளுக்கு மேல் செதுக்கியிருக்கிறார்கள். 446இல் ஓர் அரசன் பௌத்தத்தையே ஒழிக்கப் பார்த்தான். அவனுடைய பேரன் ஆட்சிக்கு வந்து மறுபடி அனுமதித்தான். 460 வாக்கில் தான்யாவ் என்ற துறவி அந்தப் பேரனிடம் கேட்டு முதல் ஐந்து குகைகளை வெட்டத் தொடங்கினார். இருபதாம் எண் குகையில் முன்சுவர் எப்போதோ விழுந்துவிட்டது. அதனால் 13.7 மீட்டர் உயர புத்தர் வெயிலிலும் பனியிலும் நேராக நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். அந்த முகத்துக்கு முன்னால் நானும் பெரியவளும் அரை மணி நேரம் பேசவே இல்லை. ஒரு காலத்தில் நிலக்கரி லாரிகள் குகைகளுக்கு முன்னாலேயே ஓடி, கரித்தூள் சிலைகளின் தோளிலும் மடியிலும் படிந்து கிடந்ததாம். பிறகு அந்தச் சாலையையே வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். அது நல்ல காரியம்.

ஊருக்குள் ஹுவாயான் கோயிலில் 1038இல் கட்டிய ஏட்டு மண்டபம் ஒன்று இருக்கிறது. சுவரோரமாக மரத்திலேயே சின்னச் சின்ன மாடிகள் போல அலமாரி, அதற்குள் சூத்திரங்கள். மண்டபத்தின் பெயரில் 'போஜியா' என்று ஒரு சொல் வருகிறது. 'பகவத்' என்பதைத்தான் சீன எழுத்தில் அப்படி எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நம் முதல் குறளில் வரும் பகவன் அத்தனை மலை தாண்டிப் போய் அந்த மண்டபத்தில் இருக்கிறான். உள்ளே போதிசத்துவர் சிலை ஒன்று, கை கூப்பி, ஒரு காலில் கொஞ்சம் சாய்ந்து, பல் தெரியச் சிரிக்கிறது. வாய் மூடிய புன்னகையைத்தான் இத்தனை நாள் பார்த்திருக்கிறேன். செய்தவன் யாரோ ஒரு பெண் நிஜமாகவே அப்படிச் சிரித்ததைப் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன்.

தொங்கு கோயிலைக் கீழே நின்றுதான் பார்த்தேன். மேலே போகக் கூட்டம் அதிகம். செங்குத்தான பாறையில் துளையிட்டு உத்திரங்களைச் செருகி, அவற்றின் மேல் அறைகளை ஒட்டவைத்தது போல இருக்கிறது. புத்தர், லாவோட்சு, கன்பூசியஸ் மூவரும் அங்கே ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறார்களாம்.

அப்புறம்தான் யிங்ஷியன். தட்டையான சோளக்கொல்லைகள், நடுவில் திடீரென்று கோபுரம். 1056இல் கட்டியது, முழுக்க மரம், 67.31 மீட்டர், எட்டுப் பட்டை. வெளியிலிருந்து ஐந்து நிலை தெரியும், உள்ளே ஒளிந்த நான்கு நிலைகள் வேறு. பாரம் தாங்கும் சட்டகத்தில் ஆணியே இல்லை. ஒரு கட்டையில் துளை, மறு கட்டையில் நாக்கு, அவ்வளவுதான். நம் கோயில் தூண் தலையில் போதிகை இருக்குமே, அதையே மரத்தில் அடுக்கடுக்காக வெளியே நீட்டி, மேலே போகப் போகப் பெருக்கி, கூரையை ஏந்த வைத்திருக்கிறார்கள். 54 வகைப் போதிகை என்று கணக்கு. நிலநடுக்கம் வந்தால் அந்தப் பொருத்துகள் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் அசைந்து ஆட்டத்தை வாங்கிக்கொள்கின்றன. தேர் நிலைக்குத் திரும்பும்போது கேட்கும் முனகல் சத்தம் உனக்குத் தெரியும், தேர் அசைந்து கொடுக்க வேண்டும் என்று உன் அப்பா சொன்னதும் தெரியும். 1926இல் இரண்டு படைத்தலைவர்கள் மோதிக்கொண்டபோது பீரங்கிக் குண்டுகள் பட்டும் அது நின்றது. ஆனால் இப்போது இரண்டாம் நிலை ஒரு பக்கம் சாய்ந்திருப்பது நம் கண்ணுக்கே தெரிகிறது. மேல் நிலைகளுக்கு யாரையும் விடுவதில்லை. உழவாரக் குருவிகள் மட்டும் நூற்றுக்கணக்கில் கீச்சிட்டபடி கூரைக்கடியில் போய்வந்துகொண்டிருந்தன. பொழுது சாயும் வரை கோபுரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தேன். எதிர்க் கடையில் தக்காளி போட்ட நூடுல்ஸ், மேலே ஷான்ஷி வினிகர். மாவு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு கொதிக்கும் தண்ணீருக்கு நேராகக் கத்தியால் சீவித் தள்ளுகிறார்கள், நீ இழைப்புளி பிடிப்பது போல.

வூதாய் மலை மஞ்சுஸ்ரீ போதிசத்துவரின் இடம். ஐந்து தட்டைச் சிகரங்கள். வடக்கு முகடு 3,000 மீட்டருக்கு மேல், ஜூனிலும் காற்று எலும்பைத் தொடுகிறது. மேலே புல்வெளியும் மஞ்சள் பூக்களும் மேகமும் மட்டும். கீழே தாய்ஹுவாய் ஊரில் வெள்ளைத் தாதுகோபத்தைச் சுற்றிச் சீனத் துறவிகளும் திபெத்திய மரபுத் துறவிகளும் சேர்ந்தே நடக்கிறார்கள். தென்னிந்தியாவிலிருந்து கடல்வழியாகப் போய் 720 வாக்கில் சீனா சேர்ந்தவர் வஜ்ரபோதி. அவருடைய சீடர் அமோகவஜ்ரர்தான் இந்த மலையில் தங்க மாடக் கோயிலை எழுப்பினார். இங்கே பக்தர் கூட்டமும் ஊதுவத்திப் புகையும் மிகுதி. எனக்கு மனசு தங்கியது அங்கே அல்ல, மலைக்கு வெளியே, அதிகம் பேர் போகாத இரண்டு இடங்களில்.

ஒன்று நான்சான். சோளக்கொல்லை நடுவே ஒரு சின்ன மண்டபம், நம் தெருப் பிள்ளையார் கோயிலைவிடக் கொஞ்சம் பெரிசு. 782இல் கட்டியது. 845இல் டாங் அரசன் ஒருவன் 4,600க்கும் மேற்பட்ட மடாலயங்களை இடித்து, 2,60,500 துறவிகளையும் துறவிப் பெண்களையும் காவி களையச் செய்தான். இந்தக் குட்டிக் கோயில் எங்கோ கிராமத்தில் கிடந்ததால் கண்ணில் படாமல் தப்பியது. அறிஞர்களுக்கே 1953இல்தான் தெரிய வந்தது. அதுவரை ஊர்க்காரர்கள் ஓடு மாற்றியும் கதவு சாத்தியும் வைத்திருந்தார்கள்.

இன்னொன்று ஃபோகுவாங். அது 845இல் இடிக்கப்பட்டு, 857இல் மறுபடி கட்டப்பட்டது. அதைக் கண்டுபிடித்த கதையை நீ கேட்க வேண்டும். 1930களில் டாங் கால மரக் கட்டடத்தைப் பார்க்க வேண்டுமானால் ஜப்பானில் நாராவுக்குத்தான் போக வேண்டும், சீனாவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று ஜப்பானிய அறிஞர்கள் எழுதிவிட்டார்கள். லியாங் ஸுசெங், லின் ஹுயின் என்ற கட்டடக்கலைத் தம்பதி அதை ஏற்கவில்லை. சீனாவின் வடமேற்கில் உள்ள துன்ஹுவாங் குகை ஒன்றில் வூதாய் மலையைப் படமாக வரைந்த சுவரோவியம் உண்டு. அதன் புகைப்படத்தில் 'பெரிய ஃபோகுவாங் கோயில்' என்ற பெயரைப் பார்த்து, 1937 ஜூனில் கோவேறு கழுதையில் மலையேறிப் போனார்கள். லின் ஹுயினுக்குக் காசநோய். அந்த உடம்போடு உத்திரத்துக்கு மேல் ஏறி, வௌவாலும் மூட்டைப்பூச்சியும் பல நூற்றாண்டுத் தூசியும் கிடந்த இருட்டில் அளவெடுத்தார்கள். காலம் காட்டும் எழுத்து எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் உத்திரத்தின் அடியில் மங்கலான மைக் கோடுகளைக் கண்டது லின் ஹுயின்தான், அவருக்குத் தூரப்பார்வை. சாரம் கட்டித் துடைத்துச் சில நாள் பாடுபட்டுப் படித்தார்கள். 'நிங் கோங்யூ' என்று ஒரு பெண்ணின் பெயர், மண்டபத்துக்குக் கொடை கொடுத்தவள். வெளியே நிற்கும் கல் தூணிலும் அதே பெயர், அங்கே 857 என்று ஆண்டும் இருந்தது.

மேடையின் ஓரத்தில், பெரிய பெரிய சிலைகளுக்குப் பக்கத்தில், சாதாரண ஆள் உயரத்தில் ஒரு பெண் சிலை அடக்கமாக உட்கார்ந்திருக்கிறது. அவள்தான் நிங் கோங்யூ. நான் போன அன்று மண்டபத்தில் நாங்கள் இருவரும் காவலரும் மட்டும். தலைக்கு மேல் ஒவ்வொரு போதிகையும் தூணில் பாதி உயரம் இருக்கிறது. கூரை விளிம்பு கிட்டத்தட்ட நான்கு மீட்டர் வெளியே பறக்கிறது. அத்தனை பாரமும் கை நீட்டிக் கொடுத்தது போல லேசாக நிற்கிறது. அந்தத் தம்பதி மலையிறங்கி வந்தபோதுதான் ஜப்பானோடு போர் மூண்டுவிட்டது என்று அவர்களுக்குத் தெரிந்தது. கண்டுபிடித்த சந்தோஷத்தை ஒரு வாரம்கூட அனுபவிக்கவில்லை.

இப்போது தாள் கதை. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால் லியாங், யிங்ஷியன் கோபுரம் இன்னும் நிற்கிறதா என்று தெரியாமல் தவித்தார். அங்கே யாரையும் தெரியாது. 'யிங்ஷியனின் மிக உயர்தரமான போட்டோ ஸ்டூடியோ' என்று மட்டும் மேல்விலாசம் எழுதி, கோபுரத்தைப் படமெடுத்து அனுப்புங்கள் என்று கடிதம் போட்டார். கடிதம் போய்ச் சேர்ந்தது. படமும் வந்தது. கூலியாக அந்தப் போட்டோக்காரர் பணம் கேட்கவில்லை. பெய்ஜிங்கிலிருந்து கொஞ்சம் கடிதத் தாள் அனுப்பச் சொன்னார், அவர் ஊரில் எழுதுதாள் கடையே இல்லையாம்.

அந்த ஊரில் இன்றைக்குத் தாள் கிடைக்கிறது. அதைப் பார்த்த பிறகு வாங்காமல் வர மனசு வரவில்லை.

நண்பா, அந்த மனிதர் எடுத்த படத்தை நினைக்கும்போதெல்லாம் நம் நாகப்பட்டினம்தான் கண் முன்னால் வருகிறது. ஊருக்கு வடக்கே, புதுவெளிகோபுரம் என்றும் சீனக் கோபுரம் என்றும் சொன்னார்களே. பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் 1846இல் பார்த்தபோது மூன்று நிலையாக, சாந்து பூசாமல் நெருக்கிப் பொருத்திய செங்கல்லில் நின்றது. 1867இல் இடித்துவிட்டார்கள். ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்த பௌத்த விகாரை இருந்த ஊர் நமது. அந்த மண்ணிலிருந்து எடுத்த செம்பு புத்தர்களை எழும்பூர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்க்கிறேன். யிங்ஷியனைவிட நம் ஊர் பெரிசு, கடல் வியாபாரம் பார்த்த ஊர். ஒரு கோபுரத்தை வைத்துக்கொள்ள நமக்கு ஆள் இல்லாமல் போனார்கள் என்பது எனக்கு ஆறவே இல்லை. கோபுரத்தடியில் அன்று மாலை உட்கார்ந்திருந்தபோதும் அதே வலிதான்.

உறையில் ஆறு படங்கள் வைத்திருக்கிறேன். நாலாவது ஃபோகுவாங் மண்டபத்தின் மூலைத் தூண், கீழிருந்து எடுத்தது. அதில் இடது பக்கம் இரண்டாவது கட்டை நிறம் மாறியிருக்கிறது பார், அதை மட்டும் பிற்காலத்தில் மாற்றியிருப்பார்களோ என்று எனக்குச் சந்தேகம். மேலே உள்ள பாரத்தை இறக்காமல் நடுவிலிருந்து ஒரு கட்டையை உருவிப் புதிதாகச் செருக முடியுமா? எப்படிச் செய்திருப்பார்கள்? உனக்குத்தான் தெரியும். படம் போட்டு எழுது. எழுதாத தாள் பத்தும் கூடவே அனுப்பியிருக்கிறேன், அதிலேயே எழுது.

ஆவணியில் ஊருக்கு வருகிறேன். அதற்குள் கால் இன்னும் கொஞ்சம் தேறட்டும். கோபுரம் நின்ற பக்கம் ஒரு சாயங்காலம் இருவரும் போய்வருவோம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்