இன்ஜினைப் பிரிக்கும் முன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய டீசல் கார் உதறுகிறது, சத்தம் போடுகிறது என்று பட்டறைக்குப் போனால், பல இடங்களில் பானெட்டைத் திறந்ததுமே "இன்ஜின் வேலை இருக்கு" என்கிறார்கள். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட் ஒன்றிலோ ஒரு காப்பர் வாஷரிலோ முடிய வேண்டிய வேலை, ஹெட்டை (இன்ஜினின் மேல்மூடியை) கழற்றிப் போட்ட பிறகு காரின் விலையையே தொட்டுவிடுகிறது. தமிழ்நாட்டில் 15 ஆண்டு முடிந்த காரையும் எஃப்.சி. காட்டி, ஆர்.சி.யை ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்து ஓட்டலாம். 2007-ல் மாருதி ஸ்விஃப்டில் வந்த ஃபியட்டின் 1,248 சிசி மல்ட்டிஜெட் இன்ஜின், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, லீனியா எனப் பல கார்களில் இன்றும் ஓடுகிறது. அவற்றை வைத்திருப்பவர்களுக்காகவும் பழுதுபார்க்கும் இளைஞர்களுக்காகவும் இதை எழுதுகிறோம்.

முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உதறுவது இன்ஜினா, பாடியா? ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க இன்ஜின் மட்டும் ஓடும்போது, பானெட்டைத் திறந்து இன்ஜினையே கவனியுங்கள். இன்ஜின் ஒரே சீராக ஓடி, ஸ்டீயரிங்கும் சீட்டும் மட்டும் அதிர்ந்தால் மவுண்ட்டைச் சந்தேகிக்கலாம். இன்ஜினே விட்டுவிட்டுக் குலுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. 800 ஆர்பிஎம்மில் நான்கு சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு சுமார் 27 முறை எரிகிறது. அது கைக்கு ஒரு சீரான அதிர்வாகவே தெரியும். ஒரு சிலிண்டர் விட்டுப்போனால் நொடிக்கு ஆறேழு முறை ஓர் இடைவெளி விழுகிறது. அந்தக் குலுக்கலைக் கையாலேயே எண்ணிவிடலாம் போல இருக்கும். ஓடும்போது மட்டும் வரும் அதிர்வு வேறு. காலியான நேர்ச்சாலையில், அதிர்வு வரும் வேகத்திலேயே கிளட்ச்சை மிதித்து இன்ஜினை ஐட்லிங்குக்கு இறங்க விடுங்கள். அப்போதும் அதிர்ந்தால் டயர், வீல் பேலன்ஸிங், டிரைவ் ஷாஃப்ட் பக்கம் போக வேண்டும். இந்தச் சோதனையில் எக்காரணம் கொண்டும் சாவியை அணைக்கக் கூடாது. பிரேக்குக்கு வேக்குவம் உதவி போய்விடும்.

மவுண்ட்கள் பெரும்பாலும் மூன்று: டைமிங் செயின் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று, அடியில் இன்ஜின் முன்னும் பின்னும் சாயாமல் பிடிக்கும் ஒரு டார்க் ராட். பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் கியரில் கிளட்ச்சைக் கொஞ்சமாக விடும்போது இன்னொருவர் ஓரமாக நின்று இன்ஜினைப் பார்க்க வேண்டும். காரின் நேர் முன்னால் நிற்கக் கூடாது. இன்ஜின் ஓரளவு சாய்வது இயல்பு. தூக்கிப்போட்டு "டொக்" என்று உட்கார்ந்தால் ரப்பர் போயிருக்கிறது. உள்ளே திரவம் உள்ள மவுண்ட் என்றால் கறுப்பாகக் கசிந்த தடம் கீழே இருக்கும். ஏசி போட்டால் மட்டும் உதறல் கூடுகிறது என்ற புகாரிலும் முதலில் மவுண்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

சிலிண்டர் சரியாக எரியாவிட்டால், அதற்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரிலிருந்து தொடங்குங்கள். அம்பாசடரிலும் பழைய இண்டிகாவிலும் பைப் நட்டைத் தளர்த்திப் பார்த்த பழக்கத்தில் மல்ட்டிஜெட் போன்ற காமன் ரெயில் இன்ஜினில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போவது) கை வைக்கவே கூடாது. ஐட்லிங்கிலேயே இருநூறு, முந்நூறு பார் அழுத்தம் இருக்கும். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போனால் விரலை இழக்க நேரிடும். காரின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஸ்கேனர் வழியாக ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பாருங்கள். எதை நிறுத்தும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். இன்ஜின் சீராக ஓட ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டிக் குறைக்கும் கரெக்‌ஷன் அளவையும் அதே திரையில் பார்க்கலாம். நான்கும் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

அடுத்தது ரிட்டர்ன் டெஸ்ட், அதாவது இன்ஜெக்டரிலிருந்து தெளிக்கப்படாமல் டேங்குக்குத் திரும்பும் டீசலை அளப்பது. இதற்குச் செலவே இல்லை. நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி, ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் தனித்தனியாக டியூப் விடுங்கள். டேங்குக்குப் போகும் பழைய குழாயின் வாயை அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பம்ப்பிலிருந்து திரும்பும் டீசல் அந்த வழியாகக் கொட்டும். மூன்று நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள். மூன்று பாட்டிலில் ஒரு விரல் உயரமும் நான்காவதில் மூன்று விரல் உயரமும் டீசல் இருந்தால் நான்காவது இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்திருக்கிறது. நான்கையும் மாற்றச் சொன்னால் இந்தப் பாட்டில்களைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்ஜெக்டர் அமரும் குழியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். கீல் காய்ந்ததுபோல் கறுப்பாகக் கட்டியிருந்து, கூடவே "சுஃப் சுஃப்" என்று காற்றுச் சத்தம் வந்தால் அடியில் உள்ள காப்பர் வாஷர் விட்டுவிட்டது. வாஷர் மிக மலிவான பொருள். ஆனால் தள்ளிப்போட்டால் கரி இறுகி, இன்ஜெக்டரை வெளியே எடுப்பதே பெரும்பாடாகிவிடும். இன்ஜெக்டரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புது வாஷர், அதே தடிமனில் போட வேண்டும். சீட்டில் ஒட்டிய கரியைச் சுத்தம் செய்யாமல் போட்டால் மறுபடி கசியும்.

காலையில் மட்டும் ஒரு நிமிடம் வெள்ளைப் புகையோடு உதறிப் பிறகு சரியானால், குளிர்ந்த இன்ஜின் எரிய உதவ சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். சென்னை வெயிலில் இரண்டு பிளக் போனாலும் தெரியாது. ஊட்டிக் குளிரில் தெரிந்துவிடும். மல்டிமீட்டர் வைத்தால் நல்ல பிளக் ஓர் ஓம் அளவில்தான் காட்டும். போன பிளக்கில் சர்க்யூட்டே இருக்காது.

சத்தத்தில் அதிகம் பயப்பட வேண்டியது, வால்வும் பிஸ்டனும் நேரம் தவறாமல் இயங்க வைக்கும் டைமிங் செயின். "செயின்தானே, ஆயுசுக்கும் வரும்" என்ற நம்பிக்கை மல்ட்டிஜெட்டில் பல இன்ஜின்களைக் காவு வாங்கியிருக்கிறது. டென்ஷனர் என்ற பாகம் ஆயில் அழுத்தத்தில்தான் செயினை இறுக்கிப் பிடிக்கிறது. மொத்த ஆயிலே சுமார் மூன்று லிட்டர். அதில் ஒரு லிட்டர் குறைந்தாலும், கெட்டியாகிப் போனாலும் டென்ஷனர் தளரும். ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு நொடி கடகடத்து அடங்கினால் ஆயில் அளவைப் பாருங்கள், மாற்றும் நாள் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். சூடான பிறகும் கடகடத்தால் காரை ஓட்டாதீர்கள். செயின் ஒரு பல் தாண்டினாலும் டைமிங் கெடும். மேலும் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

மற்றச் சத்தங்கள் எளிது. கிளட்ச்சை மிதித்தால் நின்றுபோகும் இரைச்சல் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங். மிதித்தால் மட்டும் வருவது ரிலீஸ் பேரிங். கீச்சிடுவது ஆல்டர்னேட்டரா, டென்ஷனர் புல்லியா என்று தெரியாவிட்டால் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு அரை நிமிடம் மட்டும் ஓட விடுங்கள். சத்தம் நின்றால் பெல்ட் சுற்றும் பாகங்களில்தான் குறை. அடியாழத்திலிருந்து, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் கனமாக இடித்தால் இன்ஜினுக்குள் உள்ள பேரிங்காக இருக்கலாம். வடித்த ஆயிலில் பளபளக்கும் துகள் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்ஜினை இறக்குவது நியாயம்.

பட்டறை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். ரிட்டர்ன் அளவு, கரெக்‌ஷன் அளவு, தேவைப்பட்டால் நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுந்தும் அளவு) ஆகியவற்றை மதிப்பீட்டுத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர்களும் அந்த எண்களைப் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றச் சம்மதிக்க வேண்டாம்.

இப்படிக்கு,
டீசல் கார் பழுதுபார்ப்போர் சிலர்,
கோவை.