சுமைக்கோட்டின் காரணம் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மாணவர் பக்கத்தில் இரும்புக் கப்பல் மிதப்பதைப் பற்றிய கட்டுரை படித்தேன். ஆர்க்கிமிடீஸ் விதியைச் சுற்றி வளைக்காமல் சொல்லியிருந்தார்கள். உருக்கின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு. ஆனாலும் உள்ளே காலியிடம் விட்டுக் கட்டிய கப்பல், தன் எடைக்குச் சமமான நீரை ஒதுக்கியதும் அதற்குமேல் இறங்காது. இதெல்லாம் சரி. சரக்கேற்றும்போது கப்பல் எதுவரை அமிழலாம் என்று காட்ட அதன் பக்கவாட்டில் தீட்டியிருக்கும் சுமைக்கோடுகளைப் பற்றிய பத்தியில்தான் பிசகு.

வெப்பமண்டலக் கடல்நீர் சூடாகி லேசாக இருப்பதால் கப்பல் அதிகம் அமிழுமாம், அதற்காகத்தான் ‘டி’ என்ற வெப்பமண்டலக் கோட்டை மேலே போடுகிறார்களாம். துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் பலர் இப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். உண்மையான காரணம் வானிலை.

அளவு மீறிச் சரக்கேற்றிய கப்பல்களில் மாலுமிகள் செத்துக்கொண்டிருந்ததை எதிர்த்து பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் போராடியதால், 1876-இல் பிரிட்டனில் இந்தக் குறி சட்டமானது. அலை தளத்தில் ஏறாதபடி நீருக்கு மேலே போதிய உயரம் விடவேண்டும் என்பதுதான் நோக்கம். அட்லாண்டிக்கின் குளிர்காலப் புயலுக்கு அந்த உயரம் கூடுதலாகத் தேவை. நம் மலாக்கா நீரிணை போன்ற கடலுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பாதகமில்லை. ஆகவே கோடைக்காலத்துக்கான அடிப்படைக் கோட்டிலிருந்து, கப்பல் அமிழும் ஆழத்தில் 48-இல் ஒரு பங்கு மேலே ‘டி’ கோடு, அதே அளவு கீழே குளிர்காலக் கோடு. 12 மீட்டர் அமிழும் கப்பலுக்கு இது 25 சென்டிமீட்டர். வெறும் சூட்டைக் கணக்கிட்டால், 10 டிகிரி கடல்நீரிலிருந்து 30 டிகிரி நீருக்கு வரும் அதே கப்பல் ஆறு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும்.

நீரின் அடர்த்திக்கென்று இருப்பது ‘எஃப்’ என்ற நன்னீர்க்கோடு. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை சதவீதம் கனம். கொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றில் சரக்கேற்றிய கப்பல், ஒரு மூட்டைகூட இறக்காமலே, வங்கக் கடலுக்கு வந்ததும் சில அங்குலம் எழும்பிவிடும். கட்டுரை இதை ஒரே வரியில் தாண்டிவிட்டது. மாணவர்களுக்கு ஆர்க்கிமிடீஸ் விதியைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல உதாரணம் ஏது?

பட்டர்வொர்த் ஃபெர்ரியில் போகும் பிள்ளைகள் சரக்குக் கப்பல்களின் நடுப்பகுதியைக் கவனிக்கலாம். பாரமில்லாத கப்பலில் குறி நீருக்கு மேலே நன்றாகத் தெரியும். அடுத்த வாரம் திருத்தத்தோடு படத்தையும் பெரிதாகப் போடுங்கள். போன வாரம் அச்சில் ‘டி’யும் ‘எஃப்’பும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
பட்டர்வொர்த், பினாங்கு