முத்தியால்பேட்டை வீட்டு ஜனங்களுக்கு

படத்தின் கடைசியில் ஓடுகிற பெயர் வரிசையில் யார் என்ன செய்தார்கள் என்று எழுத இடமிருக்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் டைரிகளிலிருந்துதான் படம் வந்தது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். சரிதான், ஆனால் அந்த டைரியில் ஆரம்பத்தில் இருந்ததெல்லாம் 'இன்று மனசு சரியில்லை' ரகம். ரோமன் ரோலன் நூலகத்தில் ஒரு அண்ணன் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை எடுத்துக் கொடுத்தார். பிள்ளை, புதுச்சேரியின் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்தவர், 1736 முதல் 1761 வரை எழுதியிருக்கிறார். கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை, யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எல்லாம் நாள் கிழமையோடு. அதைப் படித்த பிறகுதான் என் மனசை விட்டுவிட்டு, நீங்கள் பேசுவதை எழுத ஆரம்பித்தேன். வசனத்தில் முக்கால்வாசி உங்களுடையது. அண்ணனுக்கு நன்றி.

பெரிய கடன் கூத்து வாத்தியாருக்கு. கருவடிக்குப்பத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சமாதிக்கு என்னைக் கூட்டிப்போனவர் அவர். 1922-இல் மறைந்தவரைப் பற்றி, நேற்று ஒத்திகையில் திட்டு வாங்கியவர் போலப் பேசுவார். படப்பிடிப்பின் முதல் ராத்திரியே, "முகத்துக்கு நேரா லைட்டக் காட்டாத தம்பி, அரிதாரம் செவுரா தெரியும்" என்றார். அப்புறம்தான் விளக்கைத் திருப்பி, தெர்மாகோலில் அடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் கொடுத்தோம். படத்தில் எல்லோரும் பாராட்டுகிற அந்தக் கிரீட நிழல் அவருடையது.

கேமராவை வாடகைக்குக் கொடுத்தவர் (பெயர் வேண்டாம்) பாதியில் திருப்பிக் கேட்டார். வில்லியனூர் ஸ்டூடியோ அண்ணன் முகூர்த்தம் இல்லாத வாரமாகப் பார்த்து, கல்யாணத்துக்கு எடுத்துப்போகிற தன் கேமராவைக் கொடுத்தார். இரண்டின் கலரும் ஒட்டவே இல்லை. எடிட்டிங்கில் உட்கார்ந்த தோழி அந்தப் பகுதி முழுக்கக் கறுப்பு வெள்ளையாக்கினாள். அதற்கு ஆழமான அர்த்தம் சொல்கிறார்கள். நாங்கள் மறுப்பதில்லை.

மாடியில் டப்பிங் நடந்தபோது, கீழே கல் கொத்துகிற சிற்பி அண்ணன் உளியைக் கீழே வைத்தார். கோயில் ஆர்டர் கையில் இருந்த நேரம் அது. கேட்காமலேயே செய்தார். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்துத் தம்பி தங்கைகள் செட்டுக்கு வண்ணம் அடித்துவிட்டு, பஸ் போய்விட்டதென்று அங்கேயே தூங்கினார்கள். வீட்டுக்கார ஆயா வாடகையைக் கேட்காமல், "படம் எப்பதான் முடியும்?" என்று மட்டும் கேட்பார். கருவாட்டுக் குழம்பும் வரும்.

ஆயா, வாடகை பாக்கியை இந்த மாதம் தந்துவிடுகிறேன். உங்கள் அண்டாவும் என்னிடம்தான் இருக்கிறது.

டைரிகளை முன்னறை அலமாரியில் வைத்திருக்கிறேன், யார் வேண்டுமானாலும் படிக்கலாம். உங்களைப் பற்றி எழுதியதில் ஆட்சேபம் இருந்தால் ஓரத்திலேயே எழுதிவிடுங்கள். பென்சில் வேண்டாம், பேனாவில்.